"எங்கதைய படிக்க நானே துட்டு கட்டணுமா?": கட்டுரையைப் பூட்டாமல் வெளியிட

புளியந்தோப்பில் ஒரு பெரியவர், பி அண்ட் சி மில் என்ற பழைய துணி ஆலையில் தறி ஓட்டியவர். அவரும் அவர் கூட்டாளிகளும் சொன்னதை வைத்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன். வெளிவந்ததும் செல்போனில் லிங்க்கைக் காட்டினால், பக்கம் திறக்காமல் டாலர் கேட்டது. "இன்னாம்மா, எங்கதைய படிக்க நானே துட்டு கட்டணுமா?" என்றார். அந்த மில்லின் 1921 வேலைநிறுத்தத்தைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவர். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இது.

இதழ் தேட, 2003இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே என்ற, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களின் பட்டியலுக்குப் போங்கள். எழுதுபவரிடம் கட்டணம் வாங்காத இதழ்களை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கலாம். ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) என்றாலே எழுதுபவர் காசு கட்ட வேண்டும் என்று நம் கல்லூரிகளில் ஒரு நினைப்பு. கெஸ்ட் லெக்சரர் எங்கே போவது? 2015 முதல் இதழ்கள் நடத்தும் ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியுமானிட்டீஸ் எழுதுபவரிடமும் வாங்குவதில்லை, படிப்பவரிடமும் வாங்குவதில்லை. நூலகங்கள் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன.

'மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டோம், பணம் அனுப்புங்கள்' என்று மெயில் வந்தால் ஓடிவிடுங்கள். நான் ஒருமுறை கட்டினேன். இரண்டு வருடத்தில் அந்த இணையதளமே காணோம்.

ஏற்கெனவே பூட்டிய இதழில் வந்துவிட்டதா? ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அச்சுக்கு வடிவமைத்த பிடிஎஃப்பைப் போட விடமாட்டார்கள். ஆனால் மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் வேர்ட் பிரதியை, சில மாதம் கழித்தாவது, பொதுவில் வைக்கப் பல பதிப்பகங்கள் ஒத்துக்கொள்கின்றன. அதனால் அந்த ஃபைலை அழிக்காதீர்கள். நான் செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கூடம் நடத்தும் ஸெனோடோ என்ற இணையச் சேமிப்பகத்தில் ஏற்றினேன். இலவசம், கட்டுரைக்கு நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ எண்ணும் தருகிறார்கள்.

எந்த உரிமத்தில் வெளியிடுகிறீர்கள், அதாவது மற்றவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்பார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வகைகளில் 'சி.சி. பை' என்றால் உங்கள் பெயரைச் சொல்லி யாரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். 'என்.டி.' (மாற்றி வெளியிடக் கூடாது) சேர்த்தால் உங்களைக் கேட்காமல் மொழிபெயர்த்துக்கூட வெளியிட முடியாது, நான் சேர்ப்பதில்லை. கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, யோசித்துக் கொடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை, தகவல் சொன்னவர்களிடம் திரும்பப் போவது. பூட்டிக் கிடக்கும் கட்டுரையைத் தெருவில் யாரும் படிக்கப் போவதில்லை. திறந்த கட்டுரை மறுநாளே வாட்சப்பில் சுற்றும். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா வட்டிக்காரரைப் பற்றிச் சொன்னதைப் பெயர் மாற்றி எழுதியிருந்தேன். தெருவையும் பிள்ளைகள் கணக்கையும் மாற்றத் தோன்றவில்லை. படித்துக் காட்டியபோது, "இது நான்தான்னு ஏரியா பூரா தெரியுமேம்மா" என்றார். பத்தியையே எடுத்தேன். கட்டுரை கொஞ்சம் மெலிந்தது, போகட்டும். படங்களுக்கும் தனியாக அனுமதி கேளுங்கள்.

தமிழிலும் ஒரு வடிவம் எழுதிப் போடுங்கள், யூனிகோடில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்றும் சிக்காது.

மில் கட்டுரையின் தமிழ் வடிவத்தைப் பெரியவர் பேரன் போனில் படித்துவிட்டு, ராத்திரி ஷிஃப்ட் நேரம் தப்பு என்றார். ஸெனோடோவில் திருத்திய பிரதியை அடுத்த பதிப்பாக ஏற்றலாம். பழையதும் அழியாது, புதியதற்குத் தனி எண் வரும். அன்றைக்கே ஏற்றினேன்.