கல்லடி வீட்டு நீச்சல் குளத்துக்கு மணல் வடிகட்டி

கல்லடியில் உள்ள எங்கள் வளவில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீச்சல் குளத்தில் மெல்லிய மண் விழுந்துகொண்டே இருக்கும்; முன்பிருந்த கார்ட்ரிட்ஜ் (மடித்த துணி போன்ற உறை) வடிகட்டியின் மடிப்புகளுக்குள் அது இறுகிவிடுவதால், கழற்றிக் கழுவுவதே பெரும் வேலையாக இருந்தது. கார்ட்ரிட்ஜ் பிடிக்கும் அளவுக்கு மிக நுண்ணிய துகளை மணல் வடிகட்டி பிடிக்காது. ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையான துகளைத்தான் பிடிக்கும். ஆயினும் வால்வைத் திருப்பி நீரை எதிர்த்திசையில் செலுத்தினாலே அழுக்கு வெளியேறிவிடும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். இப்படிக் கழுவ நிறைய நீர் செலவாவதால், கிணற்றில் நீர் தாராளமாக ஊறும் வீடுகளுக்கே இது பொருந்தும். பம்பின் நீரோட்டம் வடிகட்டி தாங்கும் அளவை மீறக் கூடாது. உள்ளே 0.45 முதல் 0.55 மில்லிமீற்றர் வரையான சிலிக்கா மணலையே நிரப்பினேன். சிப்பித்தூளும் உப்பும் கலந்த கடற்கரை மணல் இதற்கு ஆகவே ஆகாது. அழுத்தமானியின் முள் வழக்கத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) ஏறியதும் கழுவிவிடுகிறேன்.