மரத்தில் கீறல் தெரிந்தால்: கரடி எப்போது வந்து போனது என்று கணிப்பது

குளிர் குறைந்த ஆண்டுகளில் குளிர்நாட்டுக் கரடிகள் குளிர்கால உறக்கம் கலைந்து முன்னதாகவே வெளியே வந்துவிடும். நம் மலேசியாவின் தித்திவாங்சா மலைத்தொடரில் வாழும் சூரியக் கரடிக்கு ஆண்டு முழுக்க இரை கிடைப்பதால், அது அப்படி உறங்குவதே கிடையாது. கோலாலம்பூரிலிருந்து மலையேறக் கிளம்புகிறவர்கள் எந்த மாதமும் அடையாளம் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

தரையைவிட மரத்தை முதலில் பாருங்கள். கால்தடம் ஒரு மழைக்குத் தாங்காது. பட்டையில் விழுந்த கீறல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதனால் கீறலைக் கண்டதும் மிரள வேண்டாம், அதன் வயதைப் பாருங்கள். கரடி ஏறிய மரத்தில் நான்கைந்து கோடுகள் சேர்ந்தாற்போல், அடியிலிருந்து மேல்வரை விட்டுவிட்டுப் போகும். புலி பிறாண்டினால் அது ஓரிடத்தோடு நின்றுவிடும். கோட்டுக்குள் மரம் வெளிறி, பாலோ பிசினோ ஈரமாகக் கசிந்தால் கீறல் புதிது. கசிவு இறுகி விளிம்பு கறுத்திருந்தால் நாளாகிவிட்டது. பாசி படர்ந்து விளிம்பு தடித்திருந்தால் மிகப் பழையது. மரம் பருக்கப் பருக்கக் கோடும் அகலும். அகலத்தை வைத்துப் பெரிய கரடி என்று முடிவுகட்டாதீர்கள்.

அடுத்தது கெலுலுட் கூடு. கொடுக்கில்லாத இந்தச் சிறு தேனீ, மரப்பொந்தின் வாயில் பிசினால் குழாய் கட்டும். கரடி அந்த வாயைச் சுற்றிக் கடித்துப் பிளந்து, 25 செ.மீ. வரை நீளும் நாக்கை உள்ளே விட்டுத் தேனை நக்கும். மரத்தடியில் சிம்புகள் குவிந்து கிடக்கும். சிம்பு ஈரம் காயாமல், தேனீக்கள் இன்னும் கலைந்து சுற்றினால் கரடி பக்கத்தில்தான் இருக்கும். அங்கே நிற்காதீர்கள்.

கறையான் புற்றும் மட்கிய கட்டையும் உடைந்து கிடந்தாலும் கரடியை நினையுங்கள். பன்றி தரையை உழுததுபோல் பரவலாகக் கிளறும். கரடி புற்றை மட்டும் பிய்க்கும். தடம் கிடைத்தால் ஐந்து விரல், உள்நோக்கித் திரும்பிய முன்பாதம், விரலுக்குச் சற்று முன்னே நகக்குழி.

அடையாளம் புதிதென்றால் ஒன்றுசேர்ந்து, பேசிக்கொண்டே வந்த வழியே திரும்புங்கள். ஓடை இரைச்சலில் குரலை உயர்த்துங்கள். எதிர்பாராமல் நெருங்கினாலோ குட்டி உடன் இருந்தாலோதான் பெரும்பாலும் அது பாயும். எதிரில் வந்துவிட்டால் ஓடக் கூடாது, மரமேறவும் கூடாது. ஏறுவதில் அதை மிஞ்ச முடியாது. அதன் மேல் கண் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

படமெடுத்தால் அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனா வைத்து, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு அனுப்புங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சூரியக் கரடி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. இடத்தை மட்டும் ஊடகத்தில் போடாதீர்கள். பித்தப்பைக்காகக் கண்ணி வைப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள்.