பழைய பாப், ராக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீட்டுப் பரண்களில் பீட்டில்ஸ், ஈகிள்ஸ் கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. இளமையில் கேட்ட பாட்டுதான் முதுமையிலும் மனதோடு ஒட்டியிருக்கும். அதனால் தாமதிக்காதீர்கள்.

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. மும்பை மழைக்கால ஈரத்தின் வேலை. அதை பிளேயரில் போடவே கூடாது. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

நாடாவுக்குப் பின்னால் நடுவில் ஒரு சின்ன பஞ்சுப் பட்டை இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி ஏறி இறங்கும். திருகு போட்ட கேசட் என்றால் திறந்து, வேண்டாத கேசட்டின் பட்டையை எடுத்துப் பொருத்தலாம்.

ஹெட்டை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பாட்டு இழுத்தால் பெரும்பாலும் பிளேயருக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பழையதைக் கையோடு எடுத்துப்போய் மும்பை லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதே அளவில் கேளுங்கள்.

பிளேயரின் வயரை லேப்டாப்பின் மைக் துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். ஒலி சிதையும், பெரும்பாலும் இடம், வலம் பிரியாத மோனோவாகிவிடும். பிளேயரின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக, ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், சுமார் 700 எம்பி.

வயதானால் காது முதலில் இழப்பது உச்ச சுருதி ஒலிகளைத்தான். பாட்டு மங்கலாகத் தோன்றுகிறதே என்று மூலக் கோப்பில் ட்ரெபிளை, அதாவது அந்த உச்ச சுருதி ஒலிகளின் அளவை, ஏற்றிவிடாதீர்கள். தாத்தா கேட்பதற்காக ட்ரெபிளை ஏற்றிய பிரதி தனியாக இருக்கட்டும்.