கற்பனை லேண்ட்ஸ்கேப் வாட்டர்கலர்ல: எங்கெங்க சொதப்புது?

கற்பனையா ஒரு லேண்ட்ஸ்கேப் போடுங்கன்னு யார்கிட்ட பேப்பரும் பிரஷும் குடுத்தாலும் முதல்ல வர்றது ஒரே படம்தான், ரெண்டு முக்கோண மலை, நடுவுல பாதி சூரியன், அங்கேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு வர்ற ஆறு, ஓரமா ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மேல டிக் அடிச்சாப்ல நாலு பறவை. வேலூர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, அதைப் பாத்தே வளந்தவங்களும் இதையேதான் போடறாங்க. இங்க ஒரு மலைகூட முக்கோணம் இல்லீங்க. அது கற்பனையே இல்ல, ஸ்கூல்ல டிராயிங் பீரியட்ல கை பழகினது, அவ்ளோதான்.

அதனால முதல் தப்பு, கற்பனைன்னா எதையும் பாக்க வேண்டாம்னு நினைக்கிறது. எதை எங்க வெக்கிறதுங்கறதுதான் நம்ம இஷ்டம், கல்லும் தண்ணியும் வெளிச்சமும் எப்படி நடந்துக்கும்ங்கறது நம்ம இஷ்டம் இல்ல. சத்துவாச்சாரி பக்கம் மலையடிவாரத்துல சாயங்காலம் ஒரு அஞ்சு மணிக்கு நின்னு பாருங்க. மேல மொட்டைப் பாறை, அதுல மழைத்தண்ணி ஓடி ஓடி கருப்பா கோடு கோடா கறை இருக்கும், நடுவுல உருண்டை உருண்டையா பாறைங்க ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கும், ரெண்டு பாறை சேர்ற இடுக்குலதான் மண்ணு தங்கும் அங்கதான் புதர் முளைக்கும், கீழ வர வர உடைஞ்ச கல்லும் மண்ணும் சேந்து சரிவு மெதுவா படுத்து தரையோட கலந்துடும். புதர் ஏன் அங்க இருக்கு, கறை ஏன் மேலேர்ந்து கீழ போகுதுன்னு தெரிஞ்சிட்டா உலகத்துலயே இல்லாத ஒரு மலையை நீங்க போடலாம், பாக்கறவங்க நம்புவாங்க. தெரியலன்னா பச்சைப் புள்ளிய மலை பூரா சமமா தெளிச்சு வெப்பீங்க. எங்க தெருவுல ஒரு அம்மா இந்த மாதிரி படம் ஒண்ணைப் பாத்துட்டு "இன்னாப்பா இது, மலைக்கு அம்மை போட்டாப்ல கீது"ன்னாங்க, அதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்ல.

அடுத்தது வெளிச்சம். நேர்ல பாத்து வரையும்போது சூரியன் எங்கன்னு யோசிக்கவே வேணாம், அது அங்க இருக்கு. மனசுலேர்ந்து வரையும்போது நாமதான் முடிவு பண்ணணும், நிறைய பேர் பண்றதே இல்ல, மலைக்கு இடப்பக்கம் நிழல், மரத்துக்கு வலப்பக்கம் நிழல், குடிசைக்கு நிழலே இல்ல. பேப்பரைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டறீங்க இல்ல, அது மேலயே பென்சில்ல ஒரு அம்புக்குறி போட்டு வெச்சிடுங்க, வெளிச்சம் இந்தப் பக்கத்துலேர்ந்துன்னு, ஒவ்வொரு பொருள் போடும்போதும் அதை ஒரு தடவ பாத்துக்கணும். உச்சி வெயில் வேண்டாம், நிழலெல்லாம் காலடியில சுருண்டுக்கும், மலைக்கு வடிவமே வராது. நிழலுக்கு கருப்பு டியூபைத் தொடாதீங்க, அல்ட்ராமரைன்ங்கற நீலமும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் கலந்தா அருமையான கிரே வரும், நீலம் தூக்கலா இருந்தா குளிர்ச்சி, சியன்னா தூக்கலா இருந்தா சூடு.

வானத்துல நடக்கற தப்பு தனி ரகம். சூரியன் மறையற செக்கச்செவேல் வானம், அதே வானத்துல பக்கத்துலயே முழு நிலா! பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தாத்தான் நமக்கு முழுசா தெரியும், இது மேற்க மறையும்போது அது கிழக்க எழும்பும், ரெண்டையும் ஒரே சட்டத்துக்குள்ள அடைக்க முடியாது. பிறை போடணும்னா அதோட வெளிச்சமான வளைவு சூரியன் இருக்கற பக்கம் பாத்து இருக்கணும். பிறையோட இருட்டுப் பக்கத்துக்குள்ள நட்சத்திரம் வெக்கிறாங்க, அங்க நிலாவோட உடம்பு இருக்கு, நட்சத்திரம் எப்படித் தெரியும். வானவில்லும் அப்படித்தான், சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், சிவப்பு வெளி ஓரத்துல வரணும். பழைய வடஆற்காடு ஜில்லாவுக்குள்ளதான் ஜவ்வாது மலையில காவலூர் வானாய்வுக்கூடத்து டெலஸ்கோப்பே இருக்கு, நாமளே நிலாவை இப்படித் தப்பா மாட்டினா எப்படி? ரெண்டு நிலா இருக்கற வேற கிரகம்னு வரையறீங்கன்னா சரி, அப்பவும் ரெண்டு பிறையும் ஒரே சூரியனைத்தான் பாக்கணும்.

தூரம் காட்றதுல எல்லாரும் வழுக்கறாங்க. மூணு வரிசை மலை போட்டுட்டு மூணுக்கும் ஒரே பச்சை, கடைசி மலையில கூட மரம் மரமா. தூரம் போகப் போக நடுவுல காத்தும் தூசியும் ஈரமும் சேருது, காத்து நீல வெளிச்சத்தைத்தான் ரொம்ப சிதறடிக்கும், அதனால தூரத்து மலை மேல ஒரு நீலத்திரை விழுந்தாப்ல ஆயிடும், கருப்பு வெளுத்துடும், விவரம் எல்லாம் அழிஞ்சிடும், வெறும் உருவம் மட்டும் மிஞ்சும். ஏலகிரி மேலேர்ந்து விடிகாலையில பாத்தவங்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேணாம். பெயின்ட் கலக்கறதுல ஒரு கணக்கு வெச்சுக்கங்க, தூரத்து மலைக்கு நீர்மோர் பதம், நடு மலைக்கு மோர் பதம், கிட்ட இருக்கற பாறைக்கு தயிர் பதம். தூரத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணும் நல்லா காஞ்சப்பறம் அடுத்தது. சூரியன் மறையற நேரத்துல தூரம் நீலமா இல்லாம ஆரஞ்சா ரோஸா கூட இருக்கலாம், ஆனா வெளுப்பாத்தான் இருக்கணும், அதுல மாத்தம் இல்ல.

இப்ப நம்ம ஊர் பிரச்சனைக்கு வர்றேன், காயற வேகம். வீடியோவுல வெளிநாட்டுக்காரர் பேப்பரை நனைச்சிட்டு கதை பேசிட்டே மேகம் போடுவாரு, இங்க மே மாசம் 40 டிகிரி தாண்டற வெயில்ல ஃபேனுக்கு கீழ உக்காந்து அதைப் பண்ணினா நீலம் கலக்கறதுக்குள்ள பேப்பர் பாதி காஞ்சிருக்கும். முழுசா காஞ்சா கூட பரவால்ல, பாதி காஞ்சதுதான் ஆபத்து. பேப்பரை சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும்போது பெயின்ட் விட்டா பரவும், லேசா மின்னும்போது கொஞ்சம் கெட்டியான பெயின்ட் வெச்சா மெத்துன்னு ஓரம் வரும், மினுமினுப்பு போயி மங்கினப்பறம் தண்ணி நிறைஞ்ச பிரஷ்ல தொட்டீங்கன்னா போச்சு, உள்ள இருக்கற பெயின்ட்டைத் தள்ளிட்டு ஓரம் ஓரமா நெளிஞ்சு ஒரு கறை வரும், காலிஃப்ளவர்னே அதுக்குப் பேரு. அந்த நேரத்துல கையைக் கட்டிட்டு உக்காருங்க. காஞ்சிடுச்சான்னு தெரிய விரலோட பின்பக்கத்தை வெச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா இன்னும் உள்ள ஈரம் இருக்கு. வெயில் காலத்துக்கு சில வேலை: காலையில ஆறு ஏழு மணிக்கே உக்காந்துடறது, வானம் போடற பத்து நிமிஷம் ஃபேனை நிறுத்தறது (வீட்ல திட்டுவாங்க), பேப்பரை ரெண்டு பக்கமும் நனைக்கிறது, பெயின்ட் எல்லாத்தையும் தாராளமா முன்னாடியே கலந்து வெச்சுட்டு அப்பறம் பேப்பரைத் தொடறது. ஐப்பசி கார்த்திகை மழையில நேர் எதிர், காயவே காயாது, ஹேர் டிரையர் போடலாம், ஆனா தண்ணி தேங்கி நிக்கும்போது போட்டா பெயின்ட்டை ஊதித் தள்ளிடும், தேங்கினது அடங்கட்டும்.

தண்ணிக்கு வருவோம். மலையிலேர்ந்து நம்ம காலடி வரைக்கும் ஒரே அகலத்துல பாம்பு மாதிரி வர்ற ஆறு, ஆறா தெரியாது, சுவத்துல தொங்கற ரிப்பன் மாதிரி நிமிந்து நிக்கும். தூரத்துல வளைவெல்லாம் அமுங்கி கிட்டத்தட்ட படுக்கைக் கோடா ஆயிடணும், கிட்ட வர வரத்தான் அகலம் விரியணும். பாலாத்து பாலத்துல நின்னு பாத்தா இது பளிச்சுன்னு புரியும், அகலமா மணல், நடுவுல தண்ணி இருந்தா மெல்லிசா ரெண்டு மூணு கீத்து, தூரத்துல அதெல்லாம் வெறும் கோடு. சொல்லப்போனா வறண்ட ஆறு கற்பனைப் படத்துக்கு ரொம்ப நல்ல சப்ஜெக்ட், யாருமே தொடறதில்ல, எல்லாரும் நீலத் தண்ணியையே புடிச்சிட்டு நிக்கறாங்க.

பிரதிபலிப்புக்கு வேலூர் கோட்டை அகழிக்குப் போங்க. காத்து இல்லாத நேரத்துல மதில் அப்படியே கீழ தெரியும், ஆனா மேல இருக்கறதை தலைகீழா காப்பி எடுத்ததுன்னு நினைக்காதீங்க. பொருளுக்கு நேர் கீழதான் பிரதிபலிப்பு விழும், நிழல் எந்தப் பக்கம் சாஞ்சாலும் இது சாயாது. பொதுவா வெளிச்சமான சுவர் தண்ணியில கொஞ்சம் மங்கலா தெரியும், கருப்பான இடம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். இன்னொண்ணு, மதிலுக்கு மேல எட்டிப் பாக்கற தூரத்து மலை தண்ணியில குறைஞ்சு தெரியும், சில சமயம் தெரியாமலே போயிடும், ஏன்னா தண்ணி காட்டறது கீழேர்ந்து அண்ணாந்து பாக்கற பார்வை, அந்தப் பார்வைக்கு மதில் மலையை மறைச்சிடும். இதை மட்டும் சரியா பண்ணிட்டா, ஏன்னு சொல்லத் தெரியாதவங்க கூட படம் நிஜமா இருக்குன்னுவாங்க.

அளவு. நிஜ இடத்தோட அளவு பாக்கறவங்களுக்கு ஏற்கனவே தெரியும், கற்பனை இடத்துக்கு நாமதான் குடுக்கணும், அதனால தெரிஞ்ச பொருள் ஒண்ணு வேணும், ஆடு மேய்க்கறவர், பனை மரம், கொடி கட்டின மண்டபம், எதுவானாலும். ஆனா மலையடிவாரத்துல மலையில பாதி உசரத்துக்கு பனை மரம் நின்னா மலை குட்டிச்சுவராயிடும், அங்க மரத்தை ஒரு சின்ன கீறலா ஆக்குங்க, மலை தானா வளரும். எல்லாத்தையும் அடைக்கவும் வேண்டாம், அருவி, கோபுரம், மான், படகு, மயில்னு, கண்ணு எங்க போய் நிக்கும் பாவம்.

வெள்ளைப் பேப்பரைப் பாத்தா ஒண்ணும் தோணலன்னு சொல்றவங்களுக்கு பழைய வழி ஒண்ணு இருக்கு. கறை படிஞ்ச சுவரை உத்துப் பாத்தா அதுல மலையும் ஆறும் தெரியும்னு லியோனார்டோ டாவின்சி எழுதி வெச்சிருக்காரு. 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல அலெக்சாண்டர் கோசன்ஸ்ங்கற ஓவியர் இதை ஒரு முறையாவே ஆக்கினாரு, மையைத் திட்டுத் திட்டா வேகமா போட்டு, அது மேல மெல்லிசான பேப்பரை வெச்சு அதுலேர்ந்து ஒரு லேண்ட்ஸ்கேப் எடுக்கறது. இதுல நடக்கற தப்பு, ஒவ்வொரு திட்டையும் எதாவது ஒண்ணா மாத்தியே ஆகணும்னு அடம் புடிக்கறது. பெரிய உருவம் ரெண்டு மூணை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடுங்க, அதை விசிட்டிங் கார்டு அளவுல பென்சில்ல வெளுப்பு, நடு, கருப்புன்னு மூணே டோன்ல போட்டுப் பாருங்க. அந்த அளவுல நல்லா இல்லாத படம் பெரிசாக்கினா நல்லா ஆகாது.

சாமான் விஷயத்துல தலைகீழா செலவு பண்றாங்க, 24 கலர் டியூப் செட் வாங்கிட்டு டிராயிங் நோட்ல போடறாங்க. நாலு கலர் போதும், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர்ங்கற மண் மஞ்சள், ஒரு சிவப்பு, காசை பேப்பர்ல போடுங்க, 300 ஜிஎஸ்எம் கனமான பேப்பர், முடிஞ்சா காட்டன்ல செஞ்சது. சாப் கிரீன்ங்கற ரெடிமேட் பச்சையை டியூப்லேர்ந்து நேரா பூசறதை விட்டுட்டு அல்ட்ராமரைன்ல ஆக்கர் கலந்து பாருங்க, நம்ம மலையோட அந்த வாடின பச்சை வந்துடும். தாலோ புளூங்கற அழுத்தமான நீலம் அழகுதான், ஆனா பேப்பர்ல புடிச்சிக்கிட்டா கழுவி எடுக்கறது கஷ்டம். அருவிக்கும் மூடுபனிக்கும் வெள்ளை பெயின்ட்டை நம்பாம பேப்பரையே விட்டு வையுங்க. வெள்ளையா விடற இடத்துல பூசி அப்பறம் உரிச்செடுக்கற மாஸ்கிங் ஃப்ளூயிட் போட்டீங்கன்னா நம்ம வெயிலுக்கு நாள் கணக்குல விடாதீங்க, ஒட்டிக்கிட்டு பேப்பரோட உரிஞ்சு வரும். சிவப்பு வாங்கும்போது டியூப்ல பிக்மென்ட் நம்பரை, அதாவது உள்ள இருக்கற நிறப்பொருளோட குறியீட்டைப் பாருங்க, பிஆர்83ன்னு இருந்தா அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்துல வெளுத்துடும், வரைஞ்சு முடிச்சு ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினீங்கன்னா சாயங்கால வானம் கொஞ்ச நாள்ல மத்தியான வானமா ஆயிடும்.