நாலுகால் ரோபோ சாயாமல் நடக்க

காலுக்கு மூன்று வீதம் 12 செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) போட்ட சிறிய ரோபோவுக்கு முதலில் ஊர்நடை பழக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு கால்தான் எழ வேண்டும். வரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன்.

ஊன்றிய மூன்று பாதங்களை இணைத்தால் முக்கோணம். எடை மையம் அதற்குள் விழுந்தால் ரோபோ நிற்கும். வெளியே போனால் தூக்கிய கால் பக்கம் சாயும். கால்கள் சமமாக விரிந்திருக்கும்போது மையம் சரியாக முக்கோணத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே காலைத் தூக்கும் முன்பே உடலை எதிர் மூலைப் பக்கம் 15–20 மில்லிமீட்டர் நகர்த்தி, ஆட்டம் அடங்கியபின் தூக்குங்கள். பேட்டரியை மாட்டிய நிலையில் உடலை ஒரு பென்சில் மேல் வைத்துப் பார்த்தால் மையம் எங்கே என்று தெரிந்துவிடும்.

குறுக்குக் கால்கள் ஜோடியாக எழும் துள்ளுநடையில் முக்கோணமே கிடையாது. விழுவதற்குள் அடுத்த அடி விழ வேண்டும். பாதத்தை இடுப்பு மூட்டுக்கு நேர்கீழிலிருந்து, வேகம் × ஊன்றும் நேரம் ÷ 2 அளவு முன்னே வையுங்கள். நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகம், 0.3 நொடி ஊன்றல் என்றால் 6 சென்டிமீட்டர். ரோபோ ஆய்வாளர் மார்க் ரைபர்ட் 1980களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலும் பிறகு எம்ஐடியிலும் செய்த ரோபோக்களுக்கும் இதுதான் அடிப்படை.

சாய்வை அளக்க, முடுக்கமானியும் கைரோவும் (சுழலும் வேகத்தை அளப்பது) சேர்ந்த எம்பியூ-6050 சில்லு போதும். முடுக்கமானியை மட்டும் நம்பினால் ஒவ்வொரு மிதிக்கும் அளவு தாறுமாறாகக் குதிக்கும், கைரோவுக்கு 0.98, முடுக்கமானிக்கு 0.02 என்று கலந்து எடுங்கள். அளந்த சாய்வுக்கு ஏற்பக் கால்களைத் திருத்துங்கள். அந்தத் திருத்தத்தின் அளவை அதிகம் கூட்டினால் ரோபோ குளிரில் நடுங்குவதுபோல் உதறும். உடனே பாதியாகக் குறையுங்கள்.

நடுவழியில் பொத்தென்று உட்கார்ந்தால் நிரலைக் குடையாதீர்கள். முதலில் மின்னழுத்தம் பாருங்கள். செர்வோக்களுக்குத் தனி மின்சாரம் கொடுத்து, கிரவுண்டை (மைனஸ் இணைப்பை) மட்டும் கட்டுப்பாட்டுப் பலகையோடு பொதுவாக்குங்கள்.