வெளிநாட்டு விருந்தினர் நெல்லைக்கு வருகிறார்கள்: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

வெளிநாட்டு ஆசிரியர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் சிறு குழுவாக வந்து நம் வீடுகளில் தங்கிப் போவது புதிய வழக்கம் இல்லை. ரோட்டரி சங்கங்கள் நடத்திய குரூப் ஸ்டடி எக்ஸ்சேஞ்ச் என்ற தொழில்குழுப் பரிமாற்றம் 1965-ல் தொடங்கி 2013 வரை நடந்தது. இப்போது ரோட்டரியில் நடக்கும் ஃபிரெண்ட்ஷிப் எக்ஸ்சேஞ்ச் என்ற நட்புப் பரிமாற்றத்தில் பயணச் செலவை வருகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். தங்க இடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. உங்கள் சங்கத்தில் இந்த வேலை உங்களிடம் வந்திருந்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் தொழிலைக் கேளுங்கள்

பெரும்பாலும் கோயில், அருவி, அல்வா என்று பட்டியல் போட்டுவிட்டுத்தான் வருகிறவர் யார் என்றே விசாரிக்கிறார்கள். இதை மாற்றுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார், எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். அதே தொழிலில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவரை அவருக்குத் துணையாகப் போடுங்கள். இந்த ஒன்று சரியாக அமைந்தால் மற்ற குறைகள் பெரிதாகத் தெரியாது.

நம் மாவட்டத்தில் காட்ட எவ்வளவோ இருக்கிறது. நீர்ப்பாசனப் பொறியாளர் என்றால் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றுக்கு, கன்னடியனுக்கோ சுத்தமல்லிக்கோ கூட்டிப் போங்கள். நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவர் விளக்கட்டும். பிறகு கடைமடை விவசாயி ஒருவரிடமும் உட்காரவையுங்கள். தண்ணீர் திறப்பதைப் பற்றி இருவரும் சொல்வது ஒன்றாக இருக்காது, கேட்கிறவருக்கு அதுதான் பாடம். சிறப்புப் பள்ளி ஆசிரியர் என்றால் பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்தோருக்கும் பார்வையற்றோருக்கும் நூற்றாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. மருத்துவர் என்றால் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி. அருங்காட்சியகத் துறையினருக்கு, பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியை அப்படியே வைத்துக் காட்டும் இடம்.

அரை நாளுக்கு ஓர் இடம் போதும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் என்று ஆசை காட்டாதீர்கள்; அங்கே நினைத்தவுடன் வெளிநாட்டவரைக் கூட்டிப் போக முடியாது.

2. காகித வேலை

விசா எந்த நோக்கத்துக்கு என்று அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பார்வையிடுவது வேறு, வகுப்பெடுப்பதோ சிகிச்சை செய்வதோ வேறு.

அடுத்தது ‘சி ஃபார்ம்’ என்று எல்லோரும் சொல்லும் பதிவு. வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தங்க வைத்தவர் அதை இணையத்தில் செய்ய வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. கணக்குத் தொடங்கி ஒப்புதல் வர நாளாகலாம் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் முன்கூட்டியே தொடங்கச் சொல்லுங்கள். சாட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதையும் அவர்களுக்கு எழுதிவிடுங்கள். மலையேற்றத்துக்குப் போகிறவர்கள் சாதாரணமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், பிறகு விமான நிலையத்தில் வழக்காகிவிடும்.

3. மாதம்

தை, மாசி. சித்திரை வெயிலில் கூப்பிடாதீர்கள். ஐப்பசி முதல் மார்கழிப் பாதி வரை மழையை நம்பித் திட்டம் போட முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ரயிலும் சாலையும் நின்றுபோனதை நாம் பார்த்தோம்.

4. வீடு

பெரிய வீடு தேவையில்லை. தனி அறை, கொசுவலை, மேல்நாட்டுக் கழிப்பறை, வீட்டில் ஒருவராவது அவர்களோடு பேசக்கூடியவர், இவ்வளவு போதும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் நம் மின்சாரம் 230 வோல்ட் என்று சொல்லிவையுங்கள். அவர்கள் ஊரில் 120. ஹேர் டிரையரை அப்படியே சொருகினால் கருகிவிடும்.

5. சாப்பாடு

முதல் நாள் மதியம் சொதி வையுங்கள். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற அதே தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். மிளகாய்த்தூள் கிடையாது, பச்சை மிளகாயும் மட்டாகத்தான். காரம் பழகாத நாக்குக்கு இதைவிட நல்ல தொடக்கம் நம் சமையலில் இல்லை என்பேன். ஒவ்வாமை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நம் அல்வா கோதுமைப்பாலில் கிண்டுவது. கோதுமை சேராதவர்களுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. முந்திரி சேராதவர்களுக்கும் அப்படித்தான். குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர், வெளியே போனால் மூடி உடைக்காத பாட்டில்.

“இன்னும் கொஞ்சம்” என்று இலையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மிச்சம் வைக்கக் கூச்சப்பட்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் படுத்துவிடுவார்கள்.

6. நடுவில் ஒரு அரை நாள்

ஒன்றும் வைக்காதீர்கள். துணி துவைக்கவும் தூங்கவும் வீட்டுக்குப் பேசவும் அவர்களுக்கு நேரம் வேண்டும். நெல்லையப்பர் கோயிலுக்கு மாலையில் போகலாம்; எதுவரை உள்ளே விடுவார்கள் என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிட்டால் வாசலில் சங்கடம் வராது.

7. வழியனுப்பும்போது

ஷீல்டு, பொன்னாடை எல்லாம் பெட்டியில் இடத்தை அடைக்கும். பத்தமடைக் கோரைப்பாயில் சிறியதாக ஒன்று வாங்கிச் சுருட்டிக் கொடுங்கள். முடிந்தால் நெய்கிற வீட்டுக்கே கூட்டிப் போய், நெய்தவர் கையாலேயே வாங்க வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே, அவர்களையும் இங்கே துணையாக இருந்த தொழில்காரரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து எழுதுங்கள். அதன்பிறகு அவர்களே பேசிக்கொள்வார்கள்.