தப்பான முனையைப் பிடிக்காதீர்கள்

'கெட் தி ராங் எண்ட் ஆஃப் தி ஸ்டிக்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஒருவர் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்று அர்த்தம். ஆபீஸில் ஒருத்தர் "அடுத்த வாரம் கிளம்புறேன்" என்கிறார், நாலு நாள் லீவில் ஊருக்குப் போவதைத்தான் சொல்கிறார், அதைப் பாதியில் கேட்ட பக்கத்து சீட்காரர் வேலையையே விடுகிறார் என்று நினைத்து, வழியனுப்பு விழாவுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் வசூலிக்க ஆரம்பித்துவிட்டார். தப்பான முனையைப் பிடித்தவர் அவர்தான்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் 'ஷார்ட் எண்ட் ஆஃப் தி ஸ்டிக்'. ஒரே குச்சிதானே என்று இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஆனால் இது அமெரிக்கர்கள் அதிகம் சொல்வது, பொருளே வேறு. பாகம் பிரிக்கும்போது தம்பிக்கு ரோட்டோர மனையும் அண்ணனுக்குக் கிணறில்லாத மேட்டு நிலமும் வந்தால், அண்ணனுக்குக் கிடைத்தது ஷார்ட் எண்ட். அங்கே யாரும் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, பங்கில் அநியாயம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். 'ராங் எண்ட்' பிரிட்டிஷ் ஆங்கிலத்தில்தான் சகஜம்.

'பார்க்கிங் (barking) அப் தி ராங் ட்ரீ' என்பதும் இதே இல்லை. இரை வேறு மரத்தில் இருக்க, நாய் இந்த மரத்தைப் பார்த்துக் குரைக்கிற கதை அது. தேடுகிற இடமோ சந்தேகப்படுகிற ஆளோ தப்பு என்னும்போது சொல்வது. 'ராங் எண்ட்' தொடரை 'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது' என்று மொழிபெயர்ப்பதையும் பார்க்கிறேன். அதுவும் பொருந்தாது, அது செய்த காரியம் கெட்டதைச் சொல்கிறது. "நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று புரிந்துகொண்டாய்" என்பதுதான் கிட்டத்தில் வரும்.

அப்புறம், 'எண்ட்' என்பதை 'சைட்' ஆக்காதீர்கள், 'தி ஸ்டிக்' என்பதை 'எ ஸ்டிக்' ஆக்காதீர்கள். வினைச்சொல் மட்டும்தான் காலத்துக்கேற்ப மாறும்: ஹி காட் தி ராங் எண்ட் ஆஃப் தி ஸ்டிக். ரோமானியர்கள் கழிப்பறையில் வைத்திருந்த பஞ்சு கட்டிய குச்சியிலிருந்து வந்தது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அந்தக் குச்சி உண்மை, இந்தத் தொடர் அதிலிருந்து பிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. வகுப்பில் தயவுசெய்து அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மேலதிகாரிக்கு மெயிலில் 'யூ ஹேவ் காட் தி ராங் எண்ட் ஆஃப் தி ஸ்டிக்' என்று எழுதினால், உங்களுக்குத்தான் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருக்கும். தப்பு நம் பக்கம் இருந்தால் 'சாரி, ஐ காட் தி ராங் எண்ட் ஆஃப் தி ஸ்டிக்' என்று தாராளமாக எழுதலாம். அவர் பக்கம் இருந்தால், 'நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்' என்று ஆரம்பித்து விஷயத்தை மறுபடி விளக்கிவிடுங்கள்.